4கே டைம்லைன் ஏன் திணறுகிறது? வாசகர் கேள்வி–பதில்

வீட்டில் 4கே வீடியோ எடிட் செய்வதற்கான கம்ப்யூட்டர் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். பெரும்பாலான கடிதங்களில் கிராபிக்ஸ் கார்டின் பெயர் இருந்தது. கேமரா எந்த ஃபார்மட்டில் பதிவு செய்கிறது என்ற விவரம் இல்லை. முதலில் தெரிய வேண்டியது அதுதான். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறோம்.

கே: என்னிடம் ஆர்டிஎக்ஸ் 3070 கார்டு இருக்கிறது. கேமராவில் எடுத்த 4கே கிளிப், எஃபெக்ட் எதுவும் போடாமலே டைம்லைனில் விட்டு விட்டு ஓடுகிறது. ஃபோனில் எடுத்த 4கே மட்டும் சீராக ஓடுகிறது. இன்னும் பெரிய கார்டு வாங்க வேண்டுமா?

ப: அவசரப்பட்டு வாங்காதீர்கள். இரண்டும் 4கே என்றாலும் உள்ளே இருப்பது வேறு வேறு. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் இரண்டு கிளிப்பையும் திறந்து, கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை), பிட் டெப்த் (நிறத்தின் நுணுக்கம்), குரோமா சப்சாம்ப்ளிங் (நிறத் தகவல் எவ்வளவு சேமிக்கப்படுகிறது; 4:2:0-ஐவிட 4:2:2-இல் அதிகம்) ஆகிய மூன்றையும் பாருங்கள். ஃபோன் கிளிப்பில் பெரும்பாலும் எச்.265, 8 அல்லது 10 பிட், 4:2:0 என்றிருக்கும். கேமரா கிளிப்பில் 10 பிட், 4:2:2 என்றிருந்தால் விஷயம் பிடிபட்டுவிட்டது.

எச்.264, எச்.265 இரண்டிலும் ஒவ்வொரு படமும் முழுதாகச் சேமிக்கப்படுவதில்லை. எப்போதாவது ஒரு முழுப் படம், இடையில் உள்ளவற்றுக்கு முன்பின் படங்களிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். கர்சரை நடுவில் ஓரிடத்தில் வைத்தால், கம்ப்யூட்டர் முந்தைய முழுப் படத்திலிருந்து வரிசையாகப் பிரித்துக்கொண்டே வந்துதான் அந்த ஒரு படத்தைக் காட்ட முடியும். இந்த வேலைக்காகவே கிராபிக்ஸ் சிப்பில் தனி டிகோடர் பகுதி உண்டு. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரை அந்த டிகோடருக்கு 4:2:2 தெரியாது; 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்த்தார்கள். அதனால் உங்கள் கார்டு கேமரா கிளிப்பைத் தொடாமல் விட்டுவிடுகிறது. முழுச் சுமையும் செயலியின் தலையில் விழுகிறது. 3070-ஐ விற்றுவிட்டு 4080 வாங்கியிருந்தாலும் இதே நிலைதான்.

செலவில்லாத வழி ஒன்றை முதலில் பாருங்கள். உங்கள் செயலி இன்டெல் 11-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருந்து, பெயரின் முடிவில் 'எஃப்' இல்லை என்றால், அதற்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பகுதி எச்.265 4:2:2 10 பிட்டை டிகோட் செய்யும். தனி கார்டு போட்டதும் பல மதர்போர்டுகள் இந்தப் பகுதியை அணைத்துவிடுகின்றன. பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் மதர்போர்டு அமைப்புப் பக்கம்) ஐஜிபியு மல்டி-மானிட்டர் என்ற அமைப்பை இயக்கி, இன்டெல் கிராபிக்ஸ் டிரைவரை நிறுவி, எடிட்டிங் மென்பொருளின் டிகோட் அமைப்பில் இந்தப் பகுதியின் டிகோடரான இன்டெல் குவிக் சிங்கைத் தேர்ந்தெடுங்கள். மானிட்டர் கேபிள் தனி கார்டிலேயே இருக்கட்டும்.

கேமரா இதே 4:2:2-ஐ எச்.264-இல் பதிவு செய்தால் மேற்சொன்ன வழி உதவாது. 11 முதல் 14 வரையிலான இன்டெல் தலைமுறைகளும் அதை டிகோட் செய்வதில்லை. கேமரா மெனுவில் எச்.265-க்கு மாற முடியுமா என்று பாருங்கள். ஆல்-இன்ட்ரா என்ற முறை இருந்தால் அதுவும் நல்லது. அதில் ஒவ்வொரு படமும் முழுப் படம், எனவே பிரிப்பது எளிது. ஆனால் ஃபைல் பெருக்கும். விநாடிக்கு 240 முதல் 600 மெகாபிட் வரை போகும். அதற்கேற்ப வி60 அல்லது வி90 என்ற வேக முத்திரை உள்ள மெமரி கார்டு வேண்டும்.

நிறத்தைப் பெரிதாகத் திருத்தாத வேலைக்கு 4:2:0 போதும். பச்சைத் திரை வைத்துப் பின்னணியை நீக்குபவர்களுக்கும், லாக் முறையில் (பின்னால் திருத்த வசதியாக நிறத்தை மங்கலாகப் பதிவு செய்வது) எடுத்து நிறம் சேர்ப்பவர்களுக்கும் 4:2:2 10 பிட் உண்மையில் பயன்படும்.

கே: பழைய கம்ப்யூட்டரில் ஒரே ஒரு பாகத்தை மட்டும் மாற்ற முடியும். எதை மாற்றுவது?

ப: அதைக் கம்ப்யூட்டரே சொல்லும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தை ஒரு ஓரமாக வைத்துக்கொண்டு, திணறும் பகுதியை ஓட விடுங்கள்.

சிபியு (செயலி) 100 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது, ஜிபியு (கிராபிக்ஸ்) பக்கத்தில் 'வீடியோ டிகோட்' வரைபடம் பூஜ்யத்தில் கிடக்கிறது என்றால் முதல் கேள்விக்கான பதிலைப் படியுங்கள். வீடியோ டிகோட் 100-ஐத் தொட்டால் டிகோடர் வேலை செய்கிறது, ஆனால் ஒரே நேரத்தில் ஓடும் கிளிப்புகள் அதிகம். ஜிபியுவின் '3டி' அல்லது 'கம்ப்யூட்' வரைபடம் உச்சத்தில் இருந்தால் எஃபெக்ட்டும் நிறத் திருத்தமும் கார்டை நெருக்குகின்றன. கார்டை மாற்றுவதில் அர்த்தம் இருப்பது பெரும்பாலும் இந்த நிலையில்தான். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டினால் ராம். டிஸ்க் வரைபடம் 100-இல் படுத்திருக்க, மற்றவை சும்மா இருந்தால் ஃபுட்டேஜ் இருக்கும் டிரைவ்.

ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். வெறும் கிளிப்பில் ஒரு முறை, நிறம் சேர்த்த பிறகு ஒரு முறை, எக்ஸ்போர்ட் ஓடும்போது ஒரு முறை பாருங்கள். மூன்றிலும் வெவ்வேறு பாகம் நெருக்கடியில் இருப்பது சாதாரணம். உங்கள் நேரம் அதிகம் போவது எதிலோ, அதைச் சரிசெய்யுங்கள்.

கே: எதையும் வாங்க இப்போது வசதியில்லை. 8 ஜிபி கார்டும் 16 ஜிபி ராமும் உள்ள கம்ப்யூட்டரில் 4கே எடிட் செய்யவே முடியாதா?

ப: தாராளமாக முடியும். ப்ராக்ஸி செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கிளிப்புக்கும் பிரிப்பதற்கு எளிதான சிறிய நகல் ஒன்றை உருவாக்கி, அதை வைத்து வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் மூலக் கிளிப்பிலிருந்து எக்ஸ்போர்ட் செய்வதுதான் முறை. பெரிய ஸ்டூடியோக்களிலும் வழக்கமாக நடப்பது இதுதான். வசதியில்லாதவர்களின் குறுக்குவழி என்று நினைக்க வேண்டாம்.

அளவு 1920×1080, ஃபார்மட் ப்ரோரெஸ் ப்ராக்ஸி அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி; இரண்டிலும் ஒவ்வொரு படமும் முழுப் படம். 30 ஃபிரேமில் ப்ரோரெஸ் ப்ராக்ஸி விநாடிக்கு 45 மெகாபிட், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 20 ஜிபி. இடம் மிச்சமாகும் என்று எச்.264-இல் ப்ராக்ஸி செய்தால், மறுபடியும் படங்களை வரிசையாகப் பிரிக்கும் வேலை வந்து சேரும். டிகோடர் நன்றாக இருக்கும் கம்ப்யூட்டரில் மட்டும் அது சரிப்படும்.

டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில், மீடியா பூலில் கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து 'ஜெனரேட் ப்ராக்ஸி மீடியா' கொடுங்கள். அடோபி பிரீமியர் மென்பொருளில் ப்ராக்ஸி மெனுவில் 'கிரியேட் ப்ராக்ஸிஸ்'. இரவில் ஓடவிட்டுக் காலையில் வேலையைத் தொடங்கலாம். பிரீமியரில் அடிக்கடி நடக்கும் சிக்கல் ஒன்று: மூலத்தில் நான்கு ஆடியோ சேனல், ப்ராக்ஸியில் இரண்டு என்றிருந்தால் இணைக்க மறுத்துவிடும். இரண்டிலும் சேனல் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும்.

ஃபோகஸ் சரியாக இருக்கிறதா, நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளி இரைச்சல்) எவ்வளவு என்று பார்க்கும்போதும், நிறம் திருத்தும்போதும் ப்ராக்ஸியை அணைத்துவிடுங்கள். 1080-இல் கூர்மையாகத் தெரியும் முகம் 4கே-யில் மங்கலாக இருக்கலாம். எக்ஸ்போர்ட் பக்கத்தில் ப்ராக்ஸியைப் பயன்படுத்தச் சொல்லும் பெட்டியில் டிக் இல்லை என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: புதிதாக மேசைக் கம்ப்யூட்டர் சேர்க்கப் போகிறேன். செயலியில் அதிகம் போடுவதா, கார்டில் அதிகம் போடுவதா?

ப: மென்பொருளைப் பொறுத்தது. ரிசால்வ் நிறம், நாய்ஸ் ரிடக்‌ஷன், பெரும்பாலான எஃபெக்ட் எல்லாவற்றையும் கார்டில் ஏற்றும். பிரீமியர் செயலியையும் அதில் உள்ள டிகோடரையும் கூடுதலாக நம்பும். அசைவு எஃபெக்ட் செய்யும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருள் செயலியையும் ராமையும் தின்னும்.

பொதுவாக 4கே-க்கு 8 கோர் செயலி நல்ல தொடக்கம். 12 முதல் 16 கோர் இருந்தால் எக்ஸ்போர்ட்டில் வேறுபாடு தெரியும். அதற்கு மேல் போடும் காசுக்கு வீட்டு வேலையில் பலன் குறைவு. இன்டெல் என்றால் 'எஃப்' இல்லாத மாடலையே வாங்குங்கள். விலை வித்தியாசம் சிறியது, இழப்பது ஒரு முழு டிகோடர்.

கார்டில் வேகத்தைவிட வீஆர்ஏஎம் (கார்டின் சொந்த மெமரி) அளவைக் கவனியுங்கள். கணக்கு எளிது. 3840×2160 படத்தில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். நிறத் திருத்தத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு சேனல், சேனலுக்கு 4 பைட் என்றால் ஒரு படத்துக்கே 133 எம்பி. முன்பின் படங்களை ஒப்பிடும் டெம்பொரல் நாய்ஸ் ரிடக்‌ஷன் ஒரே நேரத்தில் ஐந்து படங்களை எடுத்தால் 660 எம்பியைத் தாண்டும். ஒவ்வொரு எஃபெக்ட்டும் தனக்கென்று இடைநிலைப் படங்களை வேறு வைத்துக்கொள்ளும். 8கே என்றால் எல்லாவற்றையும் நான்கால் பெருக்குங்கள். 8 ஜிபி கார்டில் 'ஜிபியு மெமரி ஃபுல்' என்ற செய்தி வருவது இதனால்தான். வேகம் குறைந்த கார்டு மெதுவாக வேலையை முடித்துத் தரும். மெமரி போதாத கார்டு பாதியில் நின்றுவிடும். ஒரே விலையில் 8 ஜிபி வேகமான கார்டும் 12 அல்லது 16 ஜிபி சற்று மெதுவான கார்டும் இருந்தால் இரண்டாவதை எடுங்கள்.

ரிசால்வின் இலவசப் பதிப்பு 3840×2160, 60 ஃபிரேம் வரை எக்ஸ்போர்ட் செய்யும். டெம்பொரல் நாய்ஸ் ரிடக்‌ஷன் அதில் இல்லை. கார்டுக்குப் பணம் ஒதுக்கும் முன் மென்பொருளுக்கும் ஒதுக்க வேண்டியிருக்குமா என்று பார்த்துவிடுங்கள்.

கே: ராம் 32 ஜிபியா, 64 ஜிபியா?

ப: வெட்டி ஒட்டி நிறம் சேர்ப்பவர்களுக்கு 32. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், ஃப்யூஷன் (ரிசால்வின் எஃபெக்ட் பகுதி), 6கே அல்லது 8கே என்றால் 64.

எண்ணிக்கையைவிடப் போடும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். ஒரே 32 ஜிபி ஸ்டிக்கைவிட இரண்டு 16 ஜிபி நல்லது. இரண்டு சேனலும் வேலை செய்யும். ஆனால் டிடிஆர்5 வகை ராமில் நான்கு ஸ்டிக் போட்டால் வேகம் விழும். ஏஎம்டி ரைசன் 7000 வரிசைச் செயலிகளுக்கு அதிகாரப்பூர்வ ராம் வேகம் இரண்டு ஸ்டிக்கில் 5200, நான்கில் 3600. ஆகவே பின்னால் 64 தேவைப்படும் என்று தெரிந்தால் இப்போதே இரண்டு 32 ஜிபி வாங்கிவிடுங்கள். பெட்டியில் 6000 என்று எழுதியிருந்தாலும் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற ராம் வேக அமைப்பை இயக்கும் வரை அந்த வேகம் வராது.

கே: எடிட்டிங்குக்கு ஜென் 5 எஸ்எஸ்டி (மிக வேகமான வகை) அவசியம் என்று சொல்கிறார்கள். நான்கு கேமராவில் எடுத்ததை ஹார்டு டிஸ்க்கில் வைத்து மல்டிகேம் (நான்கையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு எடிட்) செய்கிறேன், திணறுகிறது.

ப: அவசியமில்லை. உங்கள் கேமரா விநாடிக்கு 100 மெகாபிட்டில் பதிவு செய்தால் அது 12.5 எம்பி (8 மெகாபிட் சேர்ந்தது ஒரு எம்பி), நான்கு கேமராவுக்கும் சேர்த்து 50 எம்பி. சாதாரண ஹார்டு டிஸ்க் ஒரே ஃபைலைத் தொடர்ந்து படித்தால் 150 முதல் 250 எம்பி வரை தரும். அப்புறம் ஏன் திணறுகிறது? நான்கு ஃபைல்களும் தட்டில் நான்கு இடங்களில் இருக்கின்றன. படிக்கும் முனை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது, அந்தத் தாவலில் நேரம் போகிறது. எஸ்எஸ்டி-யில் தாவல் இல்லை. 550 எம்பி தரும் சாட்டா எஸ்எஸ்டி-யே உங்கள் வேலைக்கு ஏராளம். 30 ஃபிரேம் 4கே ப்ரோரெஸ் 422 எச்க்யூ-வுக்குக் கூட ஒரு கிளிப்புக்கு 110 எம்பிதான் வேண்டும். ஜென் 5-க்குப் போடும் பணத்தில் கொள்ளளவைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எஸ்எஸ்டி வாங்கும்போது கவனிக்க வேண்டியது க்யூஎல்சி வகை. தொடக்கத்தில் வேகமாக எழுதும். உள்ளே இருக்கும் கேஷ் (தற்காலிக வேகப் பகுதி) நிரம்பியதும் ஹார்டு டிஸ்க்கைவிடவும் மெதுவாகிவிடக் கூடும். 300 ஜிபி ஃபுட்டேஜை ஒரே மூச்சில் நகல் எடுக்கும்போது இது தெரியவரும். எடிட்டிங் டிரைவுக்கு டிஎல்சி வகையை எடுங்கள், 15 முதல் 20 சதவீதம் எப்போதும் காலியாக விடுங்கள்.

விண்டோஸும் மென்பொருளும் ஒரு எஸ்எஸ்டி, நடப்பு ப்ராஜெக்ட்டும் மென்பொருளின் கேஷ் ஃபைல்களும் இன்னொரு எஸ்எஸ்டி, முடிந்தவை ஹார்டு டிஸ்க் என்று பிரித்து வையுங்கள். கொள்ளளவுக் கணக்கு: 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி, ப்ரோரெஸ் எச்க்யூ என்றால் மணிக்கு ஏறக்குறைய 400 ஜிபி. மெமரி கார்டை அழிக்கும் முன் ஃபுட்டேஜ் இரண்டு வெவ்வேறு டிரைவில் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு ஏற்பாடு பேக்கப் ஆகாது: தவறுதலாக அழித்தால் அது இரண்டு டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும்.

கே: லேப்டாப்பில் 'ஆர்டிஎக்ஸ் 4070' என்றே போட்டிருக்கிறது. மேசைக் கம்ப்யூட்டரில் இருப்பதுதானே இதுவும்?

ப: பெயர் ஒன்று, பொருள் வேறு. மேசைக் கம்ப்யூட்டரின் 4070-இல் 12 ஜிபி வீஆர்ஏஎம், லேப்டாப் 4070-இல் 8 ஜிபி. அதோடு லேப்டாப் தயாரிப்பாளர் அந்தச் சிப்புக்கு எத்தனை வாட் கொடுக்கிறார் என்பது மாடலுக்கு மாடல் மாறும். 35 வாட் கொடுத்தாலும் 115 வாட் கொடுத்தாலும் பெயர் அதேதான். விவரக் குறிப்பில் டிஜிபி (சிப்புக்குக் கொடுக்கும் வாட்) என்று இருக்கும் எண்ணைத் தேடிப் பாருங்கள். அது இல்லாத மாடலை வாங்க நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

முதல் ஐந்து நிமிடம் வேகமாக ஓடி, பிறகு எக்ஸ்போர்ட் மந்தமாவது சூட்டினால். பின்பக்கத்தைச் சிறிது உயர்த்தி வைத்தால் காற்று உள்ளே போகும். பேட்டரியில் ஓடும்போது சிப்புகளுக்குக் கிடைக்கும் மின்சாரம் குறையும். எக்ஸ்போர்ட்டைச் சார்ஜரில் போட்டே செய்யுங்கள்.

மேக்புக் என்றால் எம்1 ப்ரோ, எம்1 மேக்ஸ், எம்2, அவற்றுக்குப் பின் வந்த எம் வரிசைச் சிப்புகள் எல்லாவற்றிலும் ப்ரோரெஸுக்குத் தனி எஞ்சின் உண்டு. சாதாரண எம்1-இல் இல்லை. மெமரியைச் செயலியும் கிராபிக்ஸும் பங்கிட்டுக்கொள்கின்றன, பின்னால் கூட்டவும் முடியாது. ஆகவே வாங்கும்போதே ஒரு படி மேலே எடுப்பது நல்லது.

கே: எடிட் செய்தபோது சரியாக இருந்த நிறம் ஃபோனில் பார்த்தால் வேறாக இருக்கிறது. 10 பிட் எச்டிஆர் மானிட்டர் வாங்க வேண்டுமா?

ப: இணையத்தில் ஏற்றும் சாதாரண வீடியோவுக்கு எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையே அதிக வேறுபாடு காட்டும் முறை) தேவையில்லை. 'டிஸ்ப்ளே எச்டிஆர் 400' என்ற முத்திரையைப் பார்த்து எச்டிஆர் வேலைக்கு வாங்கவும் வேண்டாம். அந்த நிலைக்குப் பகுதி பகுதியாக வெளிச்சத்தைக் குறைக்கும் வசதி கட்டாயமில்லை. இணையத்தின் பொதுவான நிற வரம்பான எஸ்ஆர்ஜிபி-யை முழுதாகக் காட்டும் ஐபிஎஸ் வகை மானிட்டரும், நிறத்தை அளக்கும் கலரிமீட்டர் ஒன்றும் போதும். 6500 கெல்வின், 100 முதல் 120 நிட் வெளிச்சம் என்று அமையுங்கள். நைட் லைட் வசதியை அணையுங்கள். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழாமல் பாருங்கள். பகலில் செய்த திருத்தம் இரவில் வேறாகத் தெரிவது பெரும்பாலும் அறை வெளிச்சத்தால்தான்.

கே: ஃபோன் வீடியோவில் போகப் போகக் குரலும் உதடும் ஒட்டாமல் விலகுகின்றன. கம்ப்யூட்டர் வேகம் போதவில்லையா?

ப: இல்லை. ஃபோன் வெளிச்சத்துக்கேற்ப ஃபிரேம் வேகத்தை மாற்றிக்கொண்டே பதிவு செய்கிறது. மீடியாஇன்ஃபோவில் ஃபிரேம் ரேட் மோட் 'வேரியபிள்' என்றிருக்கும். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' தேர்ந்தெடுத்து மாற்றிய பிறகு எடிட் செய்யுங்கள்.

கே: எக்ஸ்போர்ட் பாதியில் இருக்கும்போது கம்ப்யூட்டர் திடீரென்று அணைந்துவிடுகிறது. ராம் போயிருக்குமா?

ப: எப்படி அணைகிறது என்பதில்தான் துப்பு இருக்கிறது. மென்பொருள் மட்டும் மூடிக்கொண்டு விண்டோஸ் உயிரோடு இருந்தால் ராம், வீஆர்ஏஎம், டிரைவர் பக்கம் பாருங்கள். ஸ்விட்சை அணைத்தது போல் மொத்தமும் ஒரே நொடியில் போனால் முதலில் பவர் சப்ளையையும் யுபிஎஸ்-ஐயும் சந்தேகியுங்கள்.

எடிட் செய்யும்போது செயலியும் கார்டும் மாறி மாறித்தான் உழைக்கும். எக்ஸ்போர்ட்டில் இரண்டும் ஒன்றாக உச்சத்துக்குப் போகும். ஐ7 13700கே 253 வாட் வரை இழுக்கும், ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ 285 வாட். மற்ற பாகங்களுக்கு 70 வாட் என்றால் 600-ஐத் தாண்டுகிறது. இதற்கு 750 அல்லது 850 வாட் பவர் சப்ளை வேண்டும். யுபிஎஸ்-இல் எழுதியிருக்கும் 600 விஏ என்பது வாட் அல்ல, அதில் சுமார் 360 வாட்தான் கிடைக்கும். அந்தச் சுமையில் அது கையை விரித்துவிடும்.

சோதனை இப்படி. யுபிஎஸ்-ஐத் தவிர்த்து நேராகச் சுவர் பிளக்கில் போட்டு அதே எக்ஸ்போர்ட்டை ஓட்டுங்கள். அப்போதும் அணைந்தால், ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதமாக்குங்கள். இப்போது முழுதாக ஓடி முடிந்தால் பவர் சப்ளை மீதான சந்தேகம் உறுதிப்படுகிறது. இடையே வெப்பநிலையையும் கவனியுங்கள். சூடு கூடினால் செயலி முதலில் வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும், அணைவது கடைசியில்தான்.

உங்களிடம் இருப்பது இன்டெல் 13 அல்லது 14-ஆம் தலைமுறை மேசைச் செயலி என்றால் இன்னொன்றும் உண்டு. தேவைக்கு மேல் மின்னழுத்தம் போய்ச் செயலியே கெடும் சிக்கலை 2024-இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, மைக்ரோகோட் (செயலிக்குள் ஓடும் நிரல்) திருத்தங்களை வெளியிட்டது. மதர்போர்டு தயாரிப்பாளரின் பக்கத்திலிருந்து 0எக்ஸ்12பி அல்லது அதற்குப் பிந்தைய மைக்ரோகோட் உள்ள பயாஸை ஏற்றுங்கள். ஏற்கெனவே கெட்டுப்போன செயலியை அது மீட்காது. அப்படிப்பட்டவர்களுக்காக இன்டெல் உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்திருக்கிறது. இந்தத் தலைமுறைச் செயலியைப் பழையதாக வாங்குபவர்கள், எத்தனை காலம் எந்த பயாஸில் ஓடியது என்று விற்பவரிடம் கேட்டுவிட்டு, ஒரு மணி நேர எக்ஸ்போர்ட் ஒன்றை அங்கேயே ஓட்டிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.